பிரபஞ்சத்துக்குக் காரணமற்ற ஓர் ஆதிகாரணம் தேவையா என்பதை ஆராய்வது எப்படி?

காரணமில்லாமல் எதுவும் இல்லை. ஆகவே பிரபஞ்சத்துக்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்துக்கு மட்டும் காரணம் கிடையாது. ஆதிகாரண வாதத்தை இப்படி மூன்று வரிகளில் சொல்லிவிட்டு, முதல் வரியும் மூன்றாம் வரியும் முரண்படுகின்றன என்று காட்டி அதைத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் அரிஸ்டாட்டில், இப்னு சீனா, தாமஸ் அக்குவினாஸ், லைப்னிட்ஸ் ஆகிய தத்துவ அறிஞர்களுள் எவரும் இந்த வடிவில் அந்த வாதத்தை முன்வைக்கவில்லை. அவர்கள் உண்மையில் சொன்னது இதைவிட வலிமையானது. அதை மறுப்பதற்கும் ஏற்பதற்கும் வேண்டிய உழைப்பும் அதற்கேற்ப அதிகம். அந்த உழைப்பை எந்த வரிசையில் மேற்கொள்வது என்பதையே இங்கே விளக்க முயல்கிறேன். கடவுள் நம்பிக்கை உடையவரும் இல்லாதவரும் ஒரே முறையைப் பின்பற்றலாம். கிடைக்கும் முடிவு தமக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை மட்டும் இருவரும் ஒதுக்கி வைக்க வேண்டும்.

கேள்வியைப் பிரித்து எழுதுங்கள்

ஆதிகாரணம் தேவையா என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று கேள்விகள் அடங்கியிருக்கின்றன. ஒரு தாளில் அவற்றைத் தனித்தனியே எழுதிக்கொள்ளுங்கள். முதலாவது காலத்தைப் பற்றியது: பிரபஞ்சத்துக்கு ஒரு தொடக்கம் இருந்ததா, இருந்ததென்றால் அதைத் தொடங்கி வைத்தது எது? இரண்டாவது இக்கணத்தைப் பற்றியது: இப்போது இயங்கிக்கொண்டிருக்கும் பொருள்கள் இயங்குவதற்கும் நிலைத்திருப்பதற்கும் இப்போதே ஆதாரமாக நிற்கும் ஒன்று வேண்டுமா? மூன்றாவது இருப்பைப் பற்றியது: எதுவுமே இல்லாமல் இருந்திருக்கலாமே, அப்படியிருக்க ஏதோ ஒன்று ஏன் இருக்கிறது?

இந்தப் பிரிப்பைச் செய்யாதவர்கள் ஒரு கேள்விக்கான விடையை இன்னொரு கேள்வியின் மேல் வைத்துவிடுகிறார்கள். இதற்கு அரிஸ்டாட்டிலே சிறந்த சான்று. உலகம் தொடக்கமற்றது என்று அவர் உறுதியாகக் கருதினார். இருந்தும் இயக்கப்படாமல் இயக்கும் ஒன்று வேண்டும் என்று வாதிட்டார். 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அக்குவினாஸ், உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்பதைச் சமய நம்பிக்கையாக ஏற்றார். ஆனால் பகுத்தறிவால் அதை நிறுவ இயலாது என்று வெளிப்படையாகவே எழுதினார். ஆகவே பிரபஞ்சம் என்றென்றும் இருந்துவந்திருக்கிறது என்று சொல்வது இவ்விருவரின் வாதத்தையும் தொடுவதே இல்லை. பெருவெடிப்பைச் சான்றாகக் கொண்டுவருவதும் அவ்வாறே இவ்விருவருக்கும் உதவுவதில்லை.

காரணம் என்ற சொல் எந்தப் பொருளில் வருகிறது என்பதையும் அதே தாளில் குறித்துக்கொள்வது நல்லது. சைவ சித்தாந்த நூல்கள் காரணத்தை மூன்றாக வகுக்கின்றன: குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சிவஞானபோதத்தின் முதல் சூத்திரம், தோன்றி நின்று ஒடுங்கும் உலகத்துக்கு ஒரு நிமித்த காரணன் வேண்டும் என்றே நிறுவுகிறது. உலகத்துக்கு முதற்காரணமாகிய மாயையோ, அந்த நெறியில், தொடக்கமற்ற உள்பொருள். ஏதுமற்ற நிலையிலிருந்து உலகம் படைக்கப்பட்டது என்ற கருத்து அங்கே இல்லை. ஆகவே, உலகை ஆக்கியவன் ஒருவன் உண்டு என்ற கூற்றும், உலகம் எதிலிருந்து வந்ததோ அதுவும் ஆக்கப்பட்டது என்ற கூற்றும் வேறுவேறானவை. ஒன்றுக்குத் தரும் சான்று மற்றொன்றுக்குப் போதாது. நான் பயன்படுத்தும் ஆதிகாரணம் என்ற சொல், எவ்வகைக் காரணத் தொடராயினும் அதன் முடிவில் நிற்பதாகக் கருதப்படும், தனக்குக் காரணமில்லாத ஒன்றைக் குறிக்கும்.

தொடக்கத்திலிருந்து வாதிடும்போது ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திப் பாருங்கள்

காலத்தைப் பற்றிய வாதத்தை இஸ்லாமிய இறையியலாளர் அல்-கஸாலி (1058–1111) தெளிவாக வகுத்துத் தந்தார். அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் லேன் கிரெய்க் 1979-இல் அதற்குப் புத்துயிர் ஊட்டினார். அதன் வடிவம் இது: இருக்கத் தொடங்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு, பிரபஞ்சம் இருக்கத் தொடங்கியது, ஆகவே பிரபஞ்சத்துக்கு ஒரு காரணம் உண்டு. 'எல்லாவற்றுக்கும்' என்ற சொல் இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். தொடங்காத ஒன்றுக்குக் காரணம் வேண்டும் என்று இந்த வாதம் சொல்லவில்லை. எனவே கடவுளைப் படைத்தது யார் என்ற கேள்வியால் இது விழாது. அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு, இரண்டு கூற்றுகளையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

முதல் கூற்றுக்கு எதிராகத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 1739-இல் ஒரு கருத்தைச் சொன்னார். காரணமின்றி ஒன்று தொடங்குவதாக எண்ணிப் பார்ப்பதில் எந்த முரண்பாடும் இல்லை. ஆகவே அந்தக் கூற்று தருக்கத்தால் நிறுவப்பட்ட உண்மையன்று என்பது அவர் வாதம். இது சரியே. ஆனால் தருக்கத்தால் நிறுவப்படாதது என்பதனால் அது பொய்யாகிவிடாது. அனுபவம் அதை ஓயாமல் ஆதரிக்கிறது. எனவே அதை மறுக்க இக்காலத்தில் பலர் குவாண்டம் இயற்பியலை எடுத்துக்காட்டுகிறார்கள். கார்பன்-14 அணுக்களின் ஒரு தொகுதியில் பாதி 5,730 ஆண்டுகளில் சிதைந்துவிடும் என்று நம்மால் சொல்ல முடிகிறது. ஆனால் அருகருகே இருக்கும் இரண்டு அணுக்களுள் ஒன்று இன்று சிதைய, மற்றொன்று பல்லாயிரம் ஆண்டுகள் அப்படியே நிற்பதற்கு, அவ்விரண்டுக்கும் இடையே எந்த வேறுபாடும் இல்லை என்பதே குவாண்டம் கோட்பாட்டின் வழக்கமான விளக்கம். 'ஏன் இந்தக் கணத்தில்' என்ற கேள்விக்கு அங்கே விடையே கிடையாது. இது கனமான எதிர்வாதந்தான். எனினும் அதன் எல்லையையும் பார்க்க வேண்டும். சிதையும் அணு ஒன்றுமில்லாமையிலிருந்து வரவில்லை. நிலையற்ற ஓர் அணுக்கரு இருந்தது, அது எந்த வீதத்தில் சிதையும் என்பதை வகுக்கும் விதிகளும் இருந்தன. மேலும், 1952-இல் இயற்பியலாளர் டேவிட் போம் முன்வைத்த விளக்கம் அதே சோதனை முடிவுகளை முற்றிலும் காரணகாரிய நியதிக்கு உட்பட்டே விளக்குகிறது. ஆகவே, நிகழ்வுகள் யாவும் முன்நிலையால் ஒரே வழியில் தீர்மானிக்கப்படுகின்றன என்ற கருத்தைத்தான் குவாண்டம் இயற்பியல் அசைக்கிறது. வெறுமையிலிருந்து பொருள் தோன்றுவதை அது காட்டிவிடவில்லை. குவாண்டம் வெற்றிடத்தையும் இவ்வாறே மதிப்பிட வேண்டும்: ஆற்றலும் புலங்களும் விதிகளும் உள்ள ஒன்றை ஒன்றுமில்லாமை என்று அழைப்பது பொருந்தாது.

முதல் கூற்றின் உண்மையான பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. இருக்கத் தொடங்கிய பொருளாக நாம் கண்ட ஒவ்வொன்றும் ஏற்கனவே இருந்த பொருள் உருமாறியதால் வந்தது. அதுவும் காலத்துக்குள்ளே நிகழ்ந்தது. காலமே தொடங்கியது என்றால், அதற்கு முந்திய கணம் என்று ஒன்று இல்லை. அத்தகைய தொடக்கத்துக்கு நம் அனுபவத்தில் ஒரு சான்றுகூடக் கிடையாது. உருமாற்றங்களைப் பார்த்துக் கற்ற விதியை அங்கே கொண்டுபோவதற்குத் தனியான நியாயம் தரவேண்டியது அந்தக் கூற்றை முன்வைப்பவரின் கடமை.

இரண்டாம் கூற்றுக்கு இரண்டு வகை ஆதாரம் தரப்படுகிறது. ஒன்று கணிதம் சார்ந்தது. கடந்த காலம் முடிவற்றதாக இருந்தால், முடிவற்ற நாள்கள் கழிந்த பிறகுதான் இன்று வர முடியும். முடிவற்றதைக் கடக்க இயலாது. ஆகவே இன்று வந்திருக்கவே முடியாது என்பது அந்த வாதம். கேட்டவுடன் மறுக்க முடியாததாகத் தோன்றும். ஆனால் கடந்த காலத்திலிருந்து எந்த நாளையாவது தேர்ந்தெடுத்துப் பாருங்கள்: அதற்கும் இன்றைக்கும் இடையே எண்ணிமுடிக்கக்கூடிய நாள்களே இருக்கும். எவ்வளவு பின்னால் சென்று தேர்ந்தெடுத்தாலும் இதுவே நிலை. இன்றிலிருந்து முடிவற்ற தொலைவில் இருக்கும் ஒரு தொடக்க நாளிலிருந்து யாரோ நடந்து வருவதாக மனத்தில் ஒரு படம் வரைந்துகொள்வதால்தான் முரண்பாடு தோன்றுகிறது. தொடக்கமற்ற காலத்தில் அப்படியொரு நாளே இல்லை.

இதைவிட நுட்பமான ஒன்று உண்டு. இந்த விவாதத்தில் அது போதிய கவனம் பெறவில்லை என்று எண்ணுவதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பிரபஞ்சத்தின் வயது வரம்புள்ளது என்பதிலிருந்து அதற்கு முதல் கணம் ஒன்று உண்டு என்பது தானாகப் பெறப்படுவதில்லை. ஒரு விநாடி நீளமுள்ள காலத்தை எடுத்துக்கொண்டு, அதன் தொடக்கத்திலுள்ள சுழிப் புள்ளியை மட்டும் நீக்கிவிடுங்கள். இப்போது அரை விநாடிக்கு முன்னால் கால் விநாடி உண்டு. அதற்கு முன்னால் அரைக்கால் விநாடி உண்டு. எந்தக் கணத்தைச் சுட்டினாலும் அதற்கு முந்திய கணம் இருந்தே தீரும். ஒவ்வொரு கணத்தின் நிலைக்கும் அதற்கு முந்திய கணத்தின் நிலை காரணமாக அமையலாம். காரணமற்ற கணம் ஒன்றுகூட இல்லை. இருந்தும் மொத்தக் காலம் ஒரு விநாடியைத் தாண்டவில்லை. ஒரு விநாடிக்குப் பொருந்துவது 1,380 கோடி ஆண்டுகளுக்கும் பொருந்தும். வரம்புள்ள வயது, முதல் நிகழ்வு, அந்த நிகழ்வுக்கு வெளியே ஒரு காரணம் ஆகிய மூன்றும் தனித்தனிக் கூற்றுகள். முதலாவதை ஒப்புக்கொண்ட ஒருவர் மற்ற இரண்டையும் ஒப்புக்கொண்டாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மற்றோர் ஆதாரம் வானியல் சார்ந்தது. ஜார்ஜ் லமேத்ர் 1927-இல் விரிவடையும் பிரபஞ்சத்தை முன்மொழிந்தார். விண்மீன் திரள்கள் தொலைவுக்கு ஏற்ற வேகத்தில் விலகிச் செல்வதை எட்வின் ஹபிள் 1929-இல் காட்டினார். 1965-இல் அறிவிக்கப்பட்ட நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு பெருவெடிப்புக் கோட்பாட்டை உறுதிப்படுத்தியது. இவையெல்லாம் ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பிரபஞ்சம் மிக அடர்ந்த, மிக வெப்பமான நிலையில் இருந்தது என்பதைக் காட்டுகின்றன. அதற்கு முன்னால் எதுவுமே இல்லை என்பதை அவை காட்டவில்லை. பின்னோக்கிச் செல்லச் செல்லப் பொதுச் சார்பியல் கோட்பாடு தன் எல்லையை அடைந்து, குவாண்டம் ஈர்ப்புக் கோட்பாடு ஒன்று தேவைப்படுகிறது. அது இன்னும் நம் கையில் இல்லை. போர்ட், கூத், விலென்கின் ஆகிய இயற்பியலாளர் மூவர் 2003-இல் வெளியிட்ட தேற்றத்தைப் பலர் முடிவான சான்றாக எடுத்தாள்கிறார்கள். சராசரியாக விரிவடைந்துகொண்டே வந்த எந்த வெளி-காலத்தையும் பின்னோக்கி வரம்பின்றி நீட்ட முடியாது என்பதே அது சொல்வது. அந்த எல்லைக்கு அப்பால் வேறு வகையான இயற்பியல் நிலை இருந்ததா என்ற கேள்வியை அது மூடிவிடவில்லை. ஹார்ட்டிலும் ஹாக்கிங்கும் 1983-இல் வைத்த முன்மொழிவிலோ, காலத்துக்கு வரம்பு உண்டு. ஆனால் பூமியின் மேற்பரப்பைப் போல, விளிம்பு கிடையாது.

லமேத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். தம் கோட்பாட்டைப் படைப்புக்குச் சான்றாகக் காட்டுவதை அவர் விரும்பவில்லை. அவருடைய அந்தக் கவனம் எல்லோரும் பின்பற்றத் தக்கது.

எந்தத் தொடர் முடிவின்றி நீளலாம், எது நீளக் கூடாது என்று பிரியுங்கள்

காரணங்களைத் தேடிப் பின்னோக்கிச் செல்லும் தொடர் வரம்பின்றி ஓடுவதைத் தருக்க நூலார் அநவஸ்தை என்ற குற்றமாகச் சொல்வார்கள். ஆயினும் வரம்பின்றி ஓடும் எல்லாத் தொடர்களையும் அவர்கள் குற்றமாகக் கொள்ளவில்லை. வித்திலிருந்து மரம், மரத்திலிருந்து வித்து என்று செல்லும் தொடரைக் குற்றமற்றதாகவே ஏற்றார்கள். ஒவ்வொரு மரமும் தன் வித்தை மட்டும் வேண்டி நிற்கிறது, தொடர் முழுவதும் இப்போது உடனிருக்க வேண்டியதில்லை. அக்குவினாஸும் இதையே வேறு எடுத்துக்காட்டால் சொன்னார்: தந்தை இறந்த பின்னும் மகன் பிள்ளை பெறலாம், எனவே தலைமுறைகளின் தொடர் முடிவற்றதாக இருப்பதில் இடர்ப்பாடு இல்லை. கையால் கோல் அசைந்து, கோலால் கல் நகரும்போதோ நிலைமை வேறு. கை நின்ற கணத்தில் கோலும் நின்றுவிடும். கோலுக்குச் சொந்தமாக நகர்த்தும் ஆற்றல் இல்லை. கோல்களை எத்தனை சேர்த்தாலும், முடிவின்றிச் சேர்த்தாலும், சொந்த ஆற்றலுள்ள ஒன்று இல்லாமல் கல் நகராது.

இந்த வேறுபாடு ஆழமானது; எனவே ஆதிகாரண வாதத்தை மறுப்பவர் இந்த இடத்தைத் தாண்டிச் செல்லக் கூடாது. இதைச் சோதிக்க நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பிரபஞ்சத்தில் இப்போதுள்ள பொருள்கள், தம் இருப்புக்கு இக்கணத்தில் வேறொன்றைக் கோல்போலச் சார்ந்திருக்கின்றனவா? இயக்கத்தைப் பொறுத்தவரை நியூட்டனுக்குப் பிந்தைய இயற்பியல் இல்லை என்றே சொல்கிறது. ஒரே வேகத்தில் நேர்கோட்டில் செல்லும் பொருள் தொடர்ந்து செல்வதற்கு எந்த இயக்குநரும் தேவையில்லை. இருப்பைப் பொறுத்தவரை கேள்வி திறந்தே இருக்கிறது. ஒரு பொருள் அதன் மூலக்கூறுகளையும், மூலக்கூறுகள் அணுக்களையும், அணுக்கள் துகள்களையும் இக்கணத்திலேயே சார்ந்து நிற்கின்றன. அந்தத் தொடர் குவாண்டம் புலங்களோடு நின்றுவிடுகிறது என்று ஒருவர் சொல்லலாம். அப்படியானால் அவர் அடித்தளமான ஒன்றை ஏற்றுக்கொண்டுவிட்டார், அது கடவுள் என்பதைத்தான் ஏற்கவில்லை. விவாதம் எந்தப் புள்ளிக்கு நகர்ந்திருக்கிறது என்பதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

இருப்பைப் பற்றிய கேள்வியில் இரு தரப்பிடமும் ஒரே விலை கேளுங்கள்

இருப்பதிலேயே வலிமையான வாதம் மூன்றாவது கேள்வியிலிருந்து எழுகிறது. இல்லாமலும் இருந்திருக்கக்கூடிய பொருள், இல்லாமல் இருக்கவே இயலாத பொருள் என்று இருப்பனவற்றை இப்னு சீனா (980–1037) பிரித்தார். முதல் வகைப் பொருள்களை எத்தனை அடுக்கினாலும், அவை யாவும் ஏன் இருக்கின்றன என்பதற்கு அவற்றுக்குள் விடை கிடைக்காது. ஆகவே இரண்டாம் வகைப் பொருள் ஒன்று வேண்டும் என்றார். லைப்னிட்ஸ் 1697-இல் இதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தந்தார். ஒரு வடிவியல் நூல், ஒரு படியை (பிரதியை) பார்த்து அடுத்த படி என்று தொடக்கமில்லாத காலமாக எழுதப்பட்டு வந்திருப்பதாகக் கொள்வோம். இப்போதுள்ள படிக்கு முந்திய படி காரணம் என்று சொல்லிவிடலாம். ஆனால் இப்படியொரு நூல் ஏன் இருக்கிறது, அதில் ஏன் இவை எழுதப்பட்டிருக்கின்றன என்பதற்கு எத்தனை படி பின்னால் போனாலும் விடை வராது. தொடக்கமின்மை ஒரு விளக்கமாகாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய எடுத்துக்காட்டை நான் அறியேன்.

இதற்கு எதிரான வாதங்களுள் முக்கியமான இரண்டை எடைபோட வேண்டும். ஹியூமின் நூலொன்று அவர் இறந்த பின் 1779-இல் வெளிவந்தது. அதில் வரும் பாத்திரம் ஒன்று, இருபது துகள்கள் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்ன பிறகு, இருபதுக்கும் சேர்த்துக் காரணம் எது என்று கேட்பது பொருளற்றது என்கிறது. பெர்ட்ரண்ட் ரசல் 1948-இல் பி.பி.சி. வானொலியில் பாதிரியார் காப்பிள்ஸ்டனுடன் விவாதித்தபோது, ஒவ்வொரு மனிதனுக்கும் தாய் உண்டு என்பதால் மனித இனத்துக்கே ஒரு தாய் உண்டு என்றாகாது என்றார். பிரபஞ்சம் இருக்கிறது, அவ்வளவே என்பது அவர் நிலைப்பாடு. பகுதிகளின் தன்மை முழுமைக்கும் வரும் என்று கொள்வது பிழை என்பது உண்மையே. ஆனால் அந்தப் பிழை எப்போதும் நிகழ்வதில்லை: சிவப்புக் கற்களால் மட்டும் கட்டிய சுவர் சிவப்பாகத்தான் இருக்கும். மேலும், லைப்னிட்ஸின் நூலில் ஒவ்வொரு படிக்கும் விளக்கம் இருந்தும் முழுமைக்கு விளக்கம் இல்லாமற்போனதை இப்போதுதான் பார்த்தோம். எனவே ரசலின் வாதத்தை நான் முடிவானதாகக் கொள்ளவில்லை.

இதைவிடக் கூரிய எதிர்வாதம், எந்த உண்மைக்கும் போதிய விளக்கம் உண்டு என்ற லைப்னிட்ஸின் கொள்கையையே குறிவைக்கிறது. இல்லாமல் இருக்க இயலாத ஒன்று, தன் இயல்பால் உலகத்தை விளக்குகிறது என்று கொள்வோம். அது உலகத்தைத் தவிர்க்கவியலாமல் தோற்றுவித்தது என்றால், உலகமும் இல்லாமல் இருக்க இயலாததாகிவிடும். தத்துவ அறிஞர் ஸ்பினோசா இந்த விளைவைத் தயங்காமல் ஏற்றார். தோற்றுவிக்காமலும் இருந்திருக்கலாம் என்றால், ஏன் தோற்றுவித்தது என்பதற்கு முழு விளக்கம் இல்லாத ஒரு தேர்வு நடுவில் நிற்கிறது. அப்போது அந்தக் கொள்கையே மீறப்படுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே வழி காணப் பல முயற்சிகள் நடந்திருக்கின்றன. எனக்கு நிறைவளித்தது எதுவும் இல்லை.

இங்கே இரு தரப்பிடமும் ஒரே விலை கேட்க வேண்டும். பிரபஞ்சம் காரணமின்றி இருக்கிறது என்பவரிடம், விளக்கத்தைத் தேடும் அறிவியல் முயற்சியை எல்லா இடங்களிலும் மதித்துவிட்டு இந்த ஓர் இடத்தில் மட்டும் ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கேளுங்கள். ஆதிகாரணம் காரணமின்றி இருக்கிறது என்பவரிடம், அதன் இயல்பில் எது அதை இல்லாமல் இருக்க இயலாததாக ஆக்குகிறது, பிரபஞ்சத்துக்கோ அதன் அடிப்படை விதிகளுக்கோ அந்த இயல்பு ஏன் இருக்கக் கூடாது என்று கேளுங்கள். அந்தத் தன்மையைப் பெயராகச் சூட்டுவது போதாது, காட்ட வேண்டும். என் மதிப்பீட்டில், விளக்கம் எங்கோ ஓரிடத்தில் நிற்க வேண்டும் என்பதை ஆதிகாரண வாதம் வலுவாகவே காட்டுகிறது. அது பிரபஞ்சத்துக்கு வெளியேதான் நிற்க வேண்டும் என்பதை அது காட்டவில்லை.

ஆதிகாரணத்திலிருந்து கடவுளுக்குச் செல்லும் படியைத் தனியே அளவிடுங்கள்

காரணமற்ற ஒன்று உண்டு என்று முழுவதுமாக ஒப்புக்கொண்டாலும், அது ஒன்றுதானா பலவா, அறிவுடையதா அறிவற்றதா, இன்னும் இருக்கிறதா என்பவை தீர்வதில்லை. சாங்கியத்தை எண்ணிப் பாருங்கள். அந்தத் தத்துவம் மூலப்பிரகிருதியை எதிலிருந்தும் தோன்றாத, மற்றவை யாவும் தோன்றுவதற்கு மூலமான பொருளாகக் கொள்கிறது. காரணமற்ற ஆதிகாரணம் என்ற வரையறைக்கு அது அப்படியே பொருந்துகிறது. ஆனால் அது அறிவற்ற சடம். மறுபுறம், ஆக்கப்படும் பொருளுக்கு அறிவுடைய கர்த்தா வேண்டும் என்று வாதிட்ட நியாய மரபினர் (இந்தியத் தருக்க மரபினர்), அறிவுடைமைக்கெனத் தனி வாதம் தர வேண்டும் என்பதை உணர்ந்து அதற்காகவே உழைத்தார்கள். வேத வாக்கியங்களின் பொருளை ஆராயும் மீமாம்சை மரபைச் சேர்ந்த குமாரிலபட்டரோ, வேதத்தை முழுமையாக ஏற்றுக்கொண்டே, உலகைப் படைத்தவன் ஒருவன் உண்டு என்பதை மறுத்தார்.

ஆகவே உங்கள் தாளின் கடைசிப் பகுதியில், ஆதிகாரணத்துக்கு ஏற்றிச் சொல்லப்படும் பண்புகளை ஒவ்வொன்றாக எழுதி, எதிரே அதற்குத் தரப்பட்ட வாதத்தை எழுதுங்கள். ஒருமைக்கு ஒரு வரி, அறிவுக்கு ஒரு வரி, ஆற்றலுக்கு ஒரு வரி, கருணைக்கு ஒரு வரி. எந்தப் பண்பின் எதிரே, அது ஆதிகாரணம் என்பதைத் தவிர வேறெதுவும் எழுத முடியவில்லையோ, அந்தப் பண்பு இன்னும் நிறுவப்படவில்லை. அதற்கான வாதத்தை வேறிடத்தில் தேடித் தனியே சோதிக்க வேண்டும்.